கட்டிக் கொடுத்த சோறு

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் போகிற பாதையில் உள்ளே திரும்பினால் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. அங்கே ஒரு பட்டறையின் அலுவலக அறை. அறை என்பது பேச்சுக்குத்தான். ஷெட்டின் ஒரு மூலையை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து மறித்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று சி.என்.சி. லேத்துகள். இந்தப் பக்கம் ஒரு பழைய கம்ப்யூட்டர், மாலை போட்ட முருகன் படம், அடுக்கிவைத்த டெலிவரி சலான் புத்தகங்கள். எதைத் தொட்டாலும் விரலில் கூலண்ட் வாடை ஒட்டிக்கொள்ளும்.

2020 பிப்ரவரி. ஊரடங்கு வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாத நாட்கள். அந்தப் பட்டறைக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதியிருந்தேன். சலான் அடிக்க வேண்டும், வெளியே போன சரக்கில் எத்தனை திரும்பி வந்தது, எத்தனை நிலுவை என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். முதலாளி என் நண்பனின் மாமா. அதனால் காசுப் பேச்சு இல்லை.

கையில் ஒரு பென்டிரைவும் ஒரு தாளும் கொண்டுபோனேன். தாளில் பதினொரு படிகள். முதலில் பைத்தானை நிறுவவும். நிறுவும்போது கீழே உள்ள பெட்டியில் டிக் அடிக்க மறக்க வேண்டாம். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து இந்த வரியைத் தட்டவும். பிழை வந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பவும்... தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கணக்கு பார்க்கும் அக்கா நாலாவது படி வரை படித்தார். தாளை நாலாக மடித்து ஒரு சலான் புத்தகத்துக்குள் செருகினார்.

"தம்பி, இதெல்லாம் நீங்களே பண்ணிக்கங்க. எனக்கு ஒரு படம் குடுங்க. அதைத் தட்டினா தொறக்கணும்."

படம் என்று அவர் சொன்னது திரையில் இருக்கும் சின்னத்தை. அந்த ஒரு வாக்கியத்துக்காக உலகம் முழுக்க எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அந்த அக்காவுக்குச் சோம்பல் என்றுதான் முதலில் தோன்றியது. வீடு திரும்பும் வழியில்தான் சோம்பல் யாருடையது என்று புரிந்தது. பதினொரு படிகளை நான் செய்யாமல் அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

*

என் லேப்டாப்பில் ஓடுகிற நிரல் இன்னொரு கம்ப்யூட்டரில் ஏன் ஓடாது? இதைத் திருமுடிவாக்கத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். அவர்கள் அதற்குள்தான் வாழ்கிறார்கள்.

இந்தப் பேட்டையில் ஒரு பாகம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். தண்டைக் கடைவது இங்கே. ஹீட் ட்ரீட்மெண்ட் இரண்டு தெரு தள்ளி. கிரைண்டிங் வேறு ஒருவர். பிளேட்டிங் இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் ஜாப் ஒர்க் சலான் போட்டுக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பி, திரும்பி வந்ததும் எண்ணிப் பார்த்து வாங்கிவைக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்ச் சேரும்போது அந்தத் தண்டின் மேல் ஐந்தாறு பேருடைய கை பட்டிருக்கும்.

மென்பொருளும் இப்படித்தான் உருவாகிறது. நிரல் எழுதுகிறவன் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. சலானை பி.டி.எஃப். ஆக்க யாரோ எழுதிவைத்த நூலகம், திரையில் பெட்டி வரைய இன்னொன்று, தேதி கணக்கிட மற்றொன்று. இவை எல்லாம் என் லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்தன. ஒவ்வொன்றாக வெவ்வேறு நாட்களில் வந்து குடியேறியவை என்பதால் அவை இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. பட்டறைக் கம்ப்யூட்டரில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

விண்டோஸில் இப்படிப் பலரும் பங்குபோட்டுக்கொள்ளும் நூலகங்களை டி.எல்.எல். என்பார்கள். ஒரு பிரதி இருந்தால் பத்து நிரல்கள் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். வட்டும் நினைவகமும் விலை அதிகமாக இருந்த காலத்தில் அது நல்ல சிக்கனம். ஒரு பேட்டைக்கு ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் உலை போதும் என்கிற மாதிரி. ஆனால் உலைக்காரர் கடையை மூடிவிட்டால் சுற்றியுள்ள பத்துப் பட்டறையிலும் சரக்கு தேங்கும். உலை இருந்தும் அவர் சூட்டு அளவை மாற்றிவிட்டால் இன்னும் மோசம். சரக்கு வந்துவிடும், தரம் வராது. ஒரு நிரலை நிறுவும்போது அது பழைய டி.எல்.எல்.லின் மேல் தன்னுடைய பதிப்பை எழுதிவிட்டுப் போக, நேற்றுவரை ஓடிய இன்னொரு நிரல் படுத்துவிடும். நிரலாளர்கள் இதற்கு டி.எல்.எல். நரகம் என்றே பெயர் வைத்தார்கள். இன்ன கோப்பைக் காணவில்லை என்று நடுத்திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நிற்பதைப் பார்க்காதவர்கள் குறைவு.

இதற்கு மாற்று, எல்லாவற்றையும் நம் கூரைக்கடியில் கொண்டுவந்துவிடுவது. உலையும் நமதே, பிளேட்டிங் தொட்டியும் நமதே. செலவு கூடும், இடம் அடைக்கும். ஆனால் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம். நிரலையும் அதற்கு வேண்டிய அத்தனை நூலகங்களையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுப்பது இந்த வழி.

*

வீட்டில் வெளியூர்ப் பயணத்துக்குச் சோறு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. புளிச்சோறு என்றால் நல்லெண்ணெய் தாராளமாக; இரண்டு நாள் தாங்க வேண்டும். வாழையிலையை அனலில் வாட்டுவது மடிக்கும்போது கிழியாமல் இருக்க. தயிர்சாதத்தில்தான் உண்மையான கைத்திறன் இருக்கிறது. விடிகாலையில் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். அதனால் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் அது தயிர்சாதமாகியிருக்கும். எங்கோ ஒரு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உண்ணப்போகிறவனின் மதியப் பொழுதை விடிகாலையில் அடுப்படியில் நின்று நினைத்துப் பார்ப்பதுதான் அந்தக் கைத்திறன்.

பைத்தான் நிரலை விண்டோஸ் எக்ஸி கோப்பாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி ஏறக்குறைய இதையே செய்கிறது. என் நிரலைப் படித்து, அது எந்தெந்த நூலகத்தை அழைக்கிறது என்று பட்டியலிடும். அந்த நூலகங்கள் வேறு எவற்றை அழைக்கின்றன என்று மேலும் தோண்டும். கடைசியில் அவை எல்லாவற்றையும் பைத்தான் மொழிபெயர்ப்பியோடு சேர்த்து ஒரு பொதியாகக் கட்டி, முன்னால் ஒரு சின்ன இயக்கியை வைக்கும். அக்கா படத்தைத் தட்டும்போது முதலில் விழிப்பது அந்த இயக்கி. அது தற்காலிக ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, பொதியை அதில் பிரித்துப் போட்டு, நிரலை ஓட்டி, மூடும்போது அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டுப் போகும். இலையை எடுத்துப் போட்டு இடத்தையும் துடைத்துவிட்டு எழுந்த மாதிரி.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. எந்த இயங்குதளத்தில் வைத்துக் கட்டுகிறோமோ அதற்குத்தான் பொதி கிடைக்கும். என்னிடம் இருந்தது லினக்ஸ். ஆகவே மறுவாரம் பட்டறைக்கே போய், அக்காவின் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அங்கேயே கட்டினேன். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் ஓடக்கூடிய கடைசிப் பைத்தான் பதிப்பு 3.8. அதைத்தான் போட்டேன். நான் எழுதியது 14 கிலோபைட். கட்டி முடித்த பொதி 30 மெகாபைட்டைத் தாண்டியது. தட்டியதும் திறக்கவில்லை, பொதியைப் பிரிக்கச் சில விநாடிகள் எடுத்தது. "வருமா தம்பி?" என்றார். வந்தது.

உடனே விழவும் செய்தது. வாடிக்கையாளர் பெயரை அக்கா தமிழில் அடித்தார். சேமிக்கும்போது நிரல் சுருண்டது. லினக்ஸில் கோப்பை எழுதும்போது யூனிக்கோடு இயல்பாகவே வந்துவிடும். அந்த விண்டோஸில் பைத்தான் தானாக எடுத்துக்கொண்டது மேற்கு ஐரோப்பிய எழுத்துக் குறியேற்றத்தை. அதில் 'க' கிடையாது. ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் எனக்குக் கூச்சமாக இருந்தது. தமிழில் எழுதுகிற நான், என் நிரலைப் பயன்படுத்தப்போகிறவர் தமிழில் எழுதுவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. உண்ணுகிறவர் யார் என்று கேட்காமல் சோறு கட்டியிருக்கிறேன்.

நேரமிருந்தால் ஏதேனும் ஓர் எக்ஸி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகள் கொட்டிக் கிடக்கும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் எப்போதும் எம், இசட். 1983-இல் வந்த எம்.எஸ்.டாஸ் 2.0-க்காக இந்த வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஜிபிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. பட்டறையில் ஃபோர்ஜிங் துண்டுகளின் மேல் ஹீட் நம்பர் குத்தியிருப்பார்களே, அதுபோல. கொஞ்சம் கீழே வந்தால் இந்த நிரல் டாஸில் ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டுப்படும். டாஸ் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. யாராவது தப்பித் தவறி அந்த வாசலில் வந்து நின்றால் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்ப ஓர் ஆளை இன்றும் ஒவ்வொரு பொதியிலும் வைத்து அனுப்புகிறார்கள்.

*

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இன்று நாம் கணினியில் தமிழ் எழுதுகிறோம் என்றால் அதில் பாதிக் கதை, யாரோ கட்டிக் கொடுத்த பொதிகளின் கதை.

தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் பத்திரிகை நடத்தியவர்களுக்கு நினைவிருக்கும். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, திருவல்லிக்கேணி அச்சகத்துக்குக் கோப்பை எடுத்துக்கொண்டு போவோம். அங்கே திறந்தால் கவிதை முழுவதும் ஜிலேபியாக இருக்கும். நாம் அடித்தது ஓர் எழுத்துருவில்; அவர்களிடம் இருப்பது வேறு. ஸ்ரீலிபி, வானவில், இளங்கோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியேற்றம். எழுத்துருக் கோப்பை எடுத்துவர மீண்டும் வீட்டுக்கு ஓட்டம். அடோபி 1993-இல் கொண்டுவந்த பி.டி.எஃப். இந்த அலைச்சலை நிறுத்தியது. அது எழுத்துருவைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு போகிறது. பக்கத்தைக் கட்டுச்சோறாக்கிய கோப்பு அது.

எழுதுவதிலும் இதே கதைதான். முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசு அஞ்சலை 1985-இல் தொடங்கினார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000-இல் விஸ்வநாதனின் அழகி வந்தது. கருவிகள் இருந்தன. சாதாரண மனிதன் கைக்கு அவை எட்டுவதில்தான் சிக்கல். விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிக்கோடு தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலுக்குள் போய், வட்டார அமைப்பைத் திறந்து, சிக்கலான எழுத்து முறைகள் என்ற பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். அடித்ததும் விண்டோஸ் சி.டி.யைப் போடு என்று கேட்கும். கம்ப்யூட்டரைக் கடைக்காரர் பூட்டிக் கொடுத்த நாட்டில் சி.டி.க்கு எங்கே போவது?

அந்த இடத்தில்தான் எ-கலப்பை வந்தது. கீமேன் என்ற விசைப்பலகை இயந்திரத்தை லாவோ மொழிக்காக முதலில் உருவாக்கியவர் மார்க் டர்டின். முகுந்தும் 'தமிழா' குழுவினரும் அந்த இயந்திரத்தோடு தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, தட்டினால் நிறுவிக்கொள்கிற ஒரே எக்ஸியாகக் கொடுத்தார்கள். விலை இல்லை. இயந்திரத்தை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மாடும் கொழுவும் ஏற்கெனவே இருந்தன. நுகத்தில் பூட்டிக் கையில் கொடுத்தார்கள். பெயரும் அதற்கேற்ப அமைந்தது. பின்னர் நியூ ஹொரைசன் மீடியா என்.எச்.எம். ரைட்டரை இலவசமாக வெளியிட்டது. அஞ்சல், தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி என்று அவரவர் விரல் பழகிய முறைகள் எல்லாம் அந்தச் சின்னக் கோப்புக்குள் இருந்தன. வலைப்பதிவுகள் பெருகிய அந்த ஆண்டுகளில் இணைய மையத்தில் உட்கார்ந்து, பென்டிரைவிலிருந்து எ-கலப்பையை ஏற்றி, முதல் தமிழ் வரியை அடித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று எழுத்தாளர்கள்.

இலக்கிய வரலாற்றில் விசைப்பலகை வகுத்தவர் பெயராவது அங்கங்கே வருகிறது. பொதி கட்டியவர் பெயர் வருவதே இல்லை. சமைத்தவரைப் பாராட்டுவோம். கட்டிக் கொடுத்த கையை யார் நினைக்கிறார்கள்?

*

கட்டற்ற மென்பொருள் உலகம் இந்தக் கையை வெகுநாள் மதிக்கவில்லை. திருமுடிவாக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் தொடங்கின. சி-டாக் 2007-இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாஸைத் திறந்து பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். தமிழ் அதில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் நண்பன் பென்டிரைவில் கொடுத்ததைத் தட்டினால் திறக்கவில்லை. அத்தோடு முடிந்தது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதில் மாட்டிக்கொண்டவர்தான். ஆழ்கடல் நீச்சல்காரர்கள் குறிப்பு வைத்துக்கொள்ள சப்சர்ஃபேஸ் என்ற மென்பொருளை அவர் தொடங்கினார். விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதி கட்ட முடிகிறது, தன் சொந்த லினக்ஸுக்குக் கட்டுவதுதான் பெரும்பாடு என்று 2014-இல் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் மாநாட்டு மேடையிலேயே குறைபட்டுக்கொண்டார். ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலும் தனித்தனி நூலகப் பதிப்போடு வந்ததுதான் காரணம். ஜெர்மானியர் சைமன் பீட்டர் 2004-லேயே கிளிக் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஆப்இமேஜ் என்று வளர்த்த முறை இதற்கு ஒரு விடை. ஒரு செயலிக்கு ஒரு கோப்பு. நிறுவ வேண்டாம், இயங்கலாம் என்று அனுமதி கொடுத்துத் தட்டினால் போதும். உள்ளே சுருக்கி வைத்த கோப்புகளைப் பிரித்துக் கொட்டாமல், பொதியை அப்படியே ஒரு வட்டு மாதிரி திறந்து படிக்கும். வேண்டாமென்றால் கோப்பை அழித்தால் தீர்ந்தது. சப்சர்ஃபேஸும் பின்னால் ஆப்இமேஜாக வந்தது. படத்தைத் தட்டினால் திறக்க வேண்டும் என்ற அக்காவின் கோரிக்கை டோர்வால்ட்ஸின் கோரிக்கையும்தான்.

*

இத்தனையும் சொன்ன பிறகு நம் ஊர்ப் பழமொழி குறுக்கே வந்து நிற்கிறது. கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?

பொதிக்குள் போன நூலகம் கட்டிய நாளோடு உறைந்துவிடுகிறது. பங்குபோட்டுக்கொள்ளும் நூலகத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும். ஆளுக்கொரு பொதியாகக் கட்டிக்கொண்டு போயிருந்தால் எத்தனை பொதியைத் தேடிப் பிரிப்பது? 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை வெளிவந்தபோது உலகமே இதைப் பார்த்தது. அடைப்பு சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அந்த நூலகம் எங்கெங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. பொதிக்குள் பொதி, அதற்குள் இன்னொரு பொதி என்று புதைந்து கிடந்தது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மென்பொருளோடு ஒரு பட்டியலும் தர வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. திருமுடிவாக்கத்தில் எந்த அட்டைப்பெட்டியும் பேக்கிங் ஸ்லிப் இல்லாமல் வாசலைத் தாண்டாது. மென்பொருள்காரர்கள் அந்த ஒழுக்கத்துக்கு இப்போதுதான் வந்து சேர்கிறார்கள்.

மூடிய பொதியைக் கண்டால் சந்தேகம் வருவதும் இயல்பு. பைஇன்ஸ்டாலர் கட்டிய எக்ஸிகளை ஆன்டிவைரஸ் சில நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். வைரஸ் எழுதுகிறவர்களும் அதே கருவியால்தான் கட்டுகிறார்கள். பொட்டலம் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. காவல்காரனைக் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் பிறர் கதை. என் கதைக்கு வருகிறேன்.

2025 செப்டம்பர் கடைசியில் ஒரு போன். ஐந்தரை வருடம் கழித்து அதே அக்கா. "தம்பி, நல்லாருக்கீங்களா? இந்த சலான்ல 12-ன்னு வருதே, அதை 18 ஆக்கணும். எங்க மாத்தறது?"

செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. அடுக்குகள் மாறியிருந்தன. 12 சதவீதம் என்ற அடுக்கு அநேகமாக மறைந்துவிட்டது. நானோ அந்த 12-ஐ நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதிவைத்திருந்தேன். வெளியிலிருந்து மாற்ற வழி இல்லை. மூல நிரலைத் தேடினேன். என் பழைய லேப்டாப்பின் வட்டு 2022-இல் செத்துப்போயிருந்தது. பட்டறைக் கம்ப்யூட்டரிலோ, பொதி கட்டி முடித்ததும் சுத்தமாக இருக்கட்டும் என்று மூல ஃபோல்டரை நானே அழித்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரையும் நடுவில் மாற்றியிருந்தார்கள். இப்போது விண்டோஸ் 10. எக்ஸியை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் புதியதில் போட்டிருந்தார் அக்கா. அது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொதியின் வெற்றியும் என் தோல்வியும் ஒரே திரையில் தெரிந்தன.

கடைசியில் என் பொதியை நானே உடைத்தேன். பைஇன்ஸ்டாலர் கட்டியதைப் பிரிக்கவும் கருவிகள் உண்டு. உள்ளே இருப்பது நான் எழுதிய வரிகள் அல்ல; அவற்றிலிருந்து பைத்தான் தனக்காக ஆக்கிக்கொண்ட பைட்கோடு. அதைப் பின்னோக்கிப் பெயர்த்தால் ஏறக்குறைய பழைய வரிகள் கிடைக்கும். கிடைத்தன. பெயர்கள் அப்படியே இருந்தன. 'நிலுவை', 'அனுப்பியது', 'வந்தது' என்று நான் வைத்த தமிழ்ப் பெயர்கள்கூட இருந்தன. இல்லாமல் போனவை குறிப்புகள். ஏன் இப்படிக் கணக்கிடுகிறேன், யார் கேட்டு இதை மாற்றினேன், இந்த இடத்தில் கவனம் என்று வரிகளுக்கு நடுவே எழுதிவைத்தவை. இயந்திரத்துக்கு அவை தேவையில்லை. அதனால் கட்டும்போதே உதறிவிட்டது. ஓரிடத்தில் எடையிலிருந்து இரண்டு சதவீதம் கழித்திருந்தேன். எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. அக்காவைக் கேட்டேன். "பிளேட்டிங்க்கு ஆசிட்ல போட்டா கொஞ்சம் கரையும்னு நான்தானே தம்பி சொன்னேன்" என்றார்.

சொல்லிக் கொடுத்த சொல் அவரிடம் இருந்தது. என்னிடம் இல்லை.

*

பழமொழி கட்டுச்சோற்றைப் பழிக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பயணம் போகிறவனுக்குச் சோறு கட்டாமல் அடுப்பையும் அரிசியையும் தூக்கிக் கொடுத்து அனுப்புகிறவனை யாரும் நல்லவன் என்று சொல்லமாட்டார்கள். பதினொரு படிகள் எழுதிய தாளோடு போன நான் செய்தது அதுதான். ஆனால் சோறு தீர்ந்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பொதி பதில் சொல்லாது. கட்டிக் கொடுத்தவன் என்றும் இருக்கப்போவதில்லை. இருந்தாலும் அவனுடைய வட்டு இருக்காது. வட்டு இருந்தாலும் நினைவு இருக்காது. ஆகவே கட்டிக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. எப்படிச் சமைத்தேன் என்பதையும் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். கட்டற்ற மென்பொருள்காரர்கள் மூல நிரல், மூல நிரல் என்று கத்துவதைக் கொள்கை முழக்கம் என்று ஒதுக்கியிருந்தேன். அது வீட்டுப் பழக்கம்.

மகளுக்குப் பொடி அரைத்து டப்பாவில் அடைத்து அனுப்பும் அம்மாக்கள், எத்தனை மிளகாய்க்கு எவ்வளவு மல்லி என்று போனில் சொல்லியும் கொடுக்கிறார்கள். டப்பா இந்த மாதத்துக்கு, அளவு எக்காலத்துக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் போதும் என்று எந்த அம்மாவும் நினைப்பதில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை திருமுடிவாக்கம் போனேன். புதுப் பொதி கட்டினேன். அதே ஃபோல்டரில் மூல நிரலையும் வைத்தேன். எந்தப் பைத்தான், எந்தெந்த நூலகம், எந்தப் பதிப்பு, கட்டிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன். பேக்கிங் ஸ்லிப் என்றதும் சிரித்துக்கொண்டே வாங்கி, எப்போதும்போல் நாலாக மடித்து சலான் புத்தகத்துக்குள் செருகினார். இரண்டு சதவீதம் எதற்காக என்பதை மூல நிரலிலும் எழுதினேன். நிரலை ஓட்டினால் திரையிலும் தெரியும்படி செய்தேன். வரி எண்ணை நிரலிலிருந்து பிடுங்கி, 'வரி' என்ற பெயரில் தனியாக ஒரு நோட்பேட் கோப்பில் வைத்தேன். அதைத் திறந்து 18-ஐ அடித்துச் சேமித்தது அக்காதான்.

அடுத்த முறை வரி மாறும்போது எனக்குப் போன் வராது.